நாவலப்பிட்டி – கண்டி கோச்சி: பதினோரு வருஷமா சீசன் டிக்கெட்ல போறவளோட ரிவியூ

கண்டியில வேலை கிடைச்ச நம்ம பக்கத்து பிள்ளைகள் எல்லாரும் என்கிட்ட கேக்கிறது ஒரே கேள்விதான், அக்கா கண்டியில போர்டிங் ரூம் எடுக்கவா இல்ல கோச்சியில, அதாவது ரயில்ல, போய் வரவா. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் மெசேஜ் போட்டு களைச்சிட்டேன், அதனால தெரிஞ்சதெல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன், நீளமாத்தான் இருக்கும், பொறுமையா வாசிங்க. நான் இலங்கை மலைநாட்டுல நாவலப்பிட்டியில இருந்து கண்டிக்கு கிழமைக்கு ஆறு நாள் போய் வர்றவ, பதினோரு வருஷமாச்சு. கல்யாணத்துக்கு முந்தியும் இதுலதான், புள்ளை வயித்துல இருந்தப்பவும் இதுலதான். லீவு சேர்ந்து வந்தா இதே பாதையில மேல ஏறி வட்டகொடைக்கு அம்மாகிட்ட போவேன். என் பதிலை முதல்லயே சொல்லிர்றேன், போய் வாங்க, போர்டிங் காசை மிச்சம் பிடிங்க, ஆனா வேலைக்கு சேர்றதுக்கு முந்தியே உங்க மேலதிகாரிகிட்ட நான் கோச்சியில வர்றவன்னு ஒரு வார்த்தை சொல்லி வைங்க. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கு. என் பெரியப்பா மகன், எங்க அண்ணன், அவரோட மகள் சென்னையில வேலை செய்றா. தெனமும் திருமயிலையில ஏறி தரமணியில எறங்குறா, அங்க அதுக்கு பேரே பறக்கும் ரயில். தூண் கட்டி தூண் மேல ஓடுது, 1995ல கடற்கரையில இருந்து சேப்பாக்கம் வரைக்கும் தொடங்கினது, 2007ல வேளச்சேரி வரைக்கும் வந்திருச்சு. போன மாசம் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தா, ஜன்னலுக்கு நேரா மொட்டை மாடியில காயப்போட்ட துணி, கீழ கால்வாய், அதுக்கும் கீழ பஸ்சும் ஆட்டோவும் நெரிசல்ல நிக்குது, இவ மேல ஜாலியா போய்க்கிட்டு இருக்கா. அத்தை உங்க நாட்டுல இப்படி இருக்கான்னு கேட்டா. கொழும்புல மாலபேயில இருந்து கோட்டை வரைக்கும் 16 ஸ்டேசனோட தூண் மேல ஒண்ணு வர இருந்திச்சு, ஜப்பான்கிட்ட கடனும் பேசி முடிஞ்சு 2020ல அதை நிப்பாட்டிட்டாங்க, அதனால இல்லம்மான்னு சொன்னேன். சொல்லிட்டு அன்னைக்கு அந்திக்கு வீட்டுக்கு வரும்போது ஜன்னல்ல பாத்தேன், கீழ மகாவலி ஓடுது, அதுக்கு மேல ரோட்டுல பஸ்செல்லாம் வரிசையா நிக்குது, நான் போய்க்கிட்டே இருக்கேன். எங்களுக்கு தூணுக்கு பதிலா மலை இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்னு நினைச்சேன். சரி அவளுக்கும் சேர்த்தே எழுதிருவோம்னு உக்காந்திருக்கேன்.

காலையில எப்படின்னா, நாவலப்பிட்டி ஸ்டேசன் எப்பவுமே முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கும், எஞ்சின் ஷெட் இருக்கிற ஊரு, அதனால வெள்ளன போனாலும் எங்கயாவது ஒரு எஞ்சின் உறுமிக்கிட்டு நிக்கும், டீசல் வாசமும் மழை வாசமும் சேர்ந்து ஒரு வாசம் வரும், எனக்கு அது வந்தாத்தான் நாள் தொடங்கின மாதிரி. 1874ல பாதை இந்த ஊருக்கு வந்திச்சு, அதுக்கப்புறம் பத்து வருஷம் கழிச்சுத்தான் ஹட்டனுக்கு போச்சு, அந்த பத்து வருஷமும் மேல தோட்டங்களுக்கு போறவங்க எல்லாரும் இங்கதான் எறங்கி நடந்திருக்காங்க, வண்டி கட்டியிருக்காங்க. இப்பவும் அப்படித்தான், தொலஸ்பாகை பக்கத்துல இருந்து முதல் பஸ்சுல வர்றவங்க, கினிகத்தேனை பக்கத்துல இருந்து வர்றவங்க எல்லாம் இங்க வந்துதான் கோச்சி பிடிக்கிறாங்க. கையில எக்ஸ்ரே கவரும் கிளினிக் கொப்பியும் இருந்தா கண்டி ஆஸ்பத்திரிக்கு போறவங்க, பிளாஸ்டிக் ஃபைலை மார்போட அணைச்சிக்கிட்டு நின்னா கெம்பஸ் பிள்ளை, ரப்பர் செருப்பும் கையில சாப்பாட்டு பார்சலும்னா கண்டியில கடையில நிக்கிற பிள்ளை. ஒரு கிழமை போனீங்கன்னா உங்களுக்கே ஆள் பாத்தவுடனே விளங்கும்.

ஸ்டேசன் வரிசை உலப்பனை, கம்பளை, கெலிஓயா, பேராதனை, சரசவி உயன, கண்டி, நடுவுல சின்னச் சின்ன நிறுத்தம் இருக்குது. முப்பது கிலோமீட்டர் அளவுதான், ஒரு மணி நேரமும் கொஞ்சமும் எடுக்கும். உலப்பனை வரைக்கும் உக்காந்து போகலாம், கம்பளையில அந்த நிம்மதி முடிஞ்சிரும், சரியான கூட்டம் ஏறும், கண்டியில கடை வச்சிருக்கிற முஸ்லிம் ஆக்கள், பேங்க்ல வேலை செய்ற பிள்ளைகள், டியூசன் போற பொடியன்கள். கெலிஓயாவுல மிச்ச இடமும் போயிரும். பேராதனையில ஒரு விசயம் கவனிக்கணும், அந்த ஸ்டேசன் மத்த ஸ்டேசன் மாதிரி இல்ல, கொழும்புப் பக்கம், கண்டிப் பக்கம், மலைப் பக்கம்னு பாதை மூணா பிரியுது, முக்கோணமா இருக்கும், புதுசா வர்றவங்க தப்பான பிளாட்பாரத்துல நின்னு கோச்சியை விட்டுர்றாங்க. கொழும்புல இருந்து பதுளைக்கு போறதுல உடரட்ட மெனிக்கே கண்டிக்கு வராம இங்கயே திரும்பி மேல போயிரும், பொடி மெனிக்கே கண்டிக்கு வந்துதான் போகும், பேரு ரெண்டுலயும் மெனிக்கே இருக்குன்னு மாத்திக் குழப்பிக்காதீங்க. பேராதனையை விட்டா மகாவலிக்கு மேல பாலம், பாலம் வந்தவுடனே சத்தம் மாறும், தூங்கிக்கிட்டு வர்றவங்க எல்லாரும் அந்த சத்தத்துக்குத்தான் முழிப்பாங்க. அப்புறம் சரசவி உயனவுல கெம்பஸ் பிள்ளைகள் எறங்கினதும் பெட்டி பாதி காலி, நாங்க நிமிந்து மூச்சு விட்டு சீலையை சரி பண்ணிக்கிட்டு கண்டியில எறங்குறது.

பஸ்சோட ஒப்பிடச் சொன்னீங்கன்னா, நாவலப்பிட்டியில இருந்து பேராதனை வரைக்கும் பஸ் குறை சொல்ல ஏலாது, நல்லாவே ஓடும். பேராதனையில இருந்து கண்டிக்குத்தான் அந்த நாலு மைல் உயிரை எடுக்கும். மழை நாள், ஸ்கூல் தொடங்குற நேரம், பெரஹரா ஊர்வலக் காலம்னா கெட்டம்பேயிலயே அரை மணி நேரம் நிப்பீங்க. கோச்சிக்கு அந்த தொல்லையே கிடையாது, ரோட்டுல என்ன நடந்தாலும் அதுக்கு ஒண்ணும் இல்ல, இதுதான் சென்னையில இருக்கிற என் மருமகளுக்கும் எனக்கும் ஒரே மாதிரி கிடைக்கிற சுகம். கண்டி ஸ்டேசனுக்கு பக்கத்துலயே பஸ் பிடிச்சு எந்தப் பக்கமும் மாறிக்கலாம், டவுனுக்குள்ள வேலைன்னா நடந்தே போயிரலாம். இன்னொண்ணு, ஒரு தடவை நான் ஒரு தனியார் பஸ்சுல வரும்போது, அது எந்த பஸ்சுன்னு வேணாம், கண்டக்டர் மிச்சக் காசு தராம இறங்கும்போது தர்றேன்னு சொல்லி கடைசியில நீங்க குடுத்தது நூறு ரூவாதான்னு சாதிச்சிட்டான், ஐந்நூறு ரூவா குடுத்தது எனக்கு நல்லா தெரியும், அத்தனை பேருக்கு முன்னால என்னை பொய்க்காரி ஆக்கினது இன்னும் மனசுல இருக்கு. சீசன் இருந்தா காசுப் பேச்சே இல்ல.

சீசன் பத்தி சொல்லணும். மாசத்துக்கு ஒரு தடவை காசு கட்டி வாங்கிக்கலாம், ஐடென்டி கார்ட் கையில வச்சிருங்க, அரசாங்க வேலைன்னா சலுகை இருக்கு, அதுக்கு ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணும். மாசக் கடைசியில போய் நிக்காதீங்க, வரிசை வெளிய வரைக்கும் வரும், ரெண்டு மூணு நாள் முந்தியே எடுங்க. பஸ் காசோட பாத்தா பாதி கூட வராது, நான் அந்த மிச்சக் காசுலதான் ஒவ்வொரு மாசமும் சீட்டு கட்டினேன், அந்த சீட்டுக் காசுலதான் வீட்டுக்கு ஓடு மாத்தினோம், அதனால இந்த கோச்சிக்கு நான் நன்றி சொல்லாம இருக்க ஏலாது. சீசன் இல்லாம ஒரு நாளைக்கு போறவங்களுக்கு பல ஸ்டேசன்ல இன்னமும் அந்த தடிச்ச அட்டை டிக்கெட்தான். கட்டை விரல் அளவுல இருக்கும், கவுண்டர்ல ஒரு இரும்பு மெசினுக்குள்ள விட்டு இழுப்பாங்க, டக்குனு ஒரு சத்தம், ஓரத்துல தேதி அழுத்தமா பதிஞ்சிருக்கும், விரலால தடவினா தெரியும். என் மகள் முதல் தடவை கோச்சியில வந்தப்ப அந்த அட்டையை கையில இருந்து விடவே இல்ல, வேர்வையில ஊறி மை கரைஞ்சு எறங்கும்போது எழுத்தே இல்ல, வாசல்ல நின்ன ஐயா அவ கையைப் பாத்து சிரிச்சிட்டு போங்க மகள்னு விட்டார்.

உக்கார்ற இடத்தைப் பத்தி. மூணாம் வகுப்புதான் எங்க உலகம். சில நாள் பவர்செட், அதாவது பெட்டியோடயே எஞ்சின் சேர்ந்தது, வரும், சில நாள் எஞ்சின் கோத்த பழைய பெட்டி வரும், எனக்கு பழைய பெட்டிதான் விருப்பம், ஜன்னல் பெருசு, சீட்டு அகலம், ஆனா மழை நாள்ல அதுல ஒரு கஷ்டம், ஜன்னல் ஷட்டர் இறக்கினா நிக்காது, கோச்சி ஆடும்போது டப்புனு விழும், விரல் இருந்தா நசுங்கும். நாங்க என்ன செய்வோம்னா பழைய அட்டை டிக்கெட்டை ரெண்டா மடிச்சு ஷட்டர் ஓரத்துல சொருகிருவோம், அசையாது. என் ஹேன்ட்பேக்ல எப்பவும் நாலஞ்சு அட்டை கிடக்கும், அதுக்காகவே சேர்த்து வைக்கிறது. பொம்பளப் பிள்ளைகளுக்கு ஒண்ணு, தனியா ஏறாதீங்க, முதல் கிழமையிலயே ஒரு செட்டைப் பிடிச்சிக்கிங்க. எங்க செட்ல ஒரு சிங்கள நர்ஸ் அக்கா, கம்பளையில ஏறுற முஸ்லிம் டீச்சர் ஒருத்தங்க, தோட்டத்துப் பிள்ளைகள் மூணு பேர், நான். முந்தி ஏறுறவ லேஞ்சியை, அதான் கைக்குட்டையை, சீட்டுல போட்டு இடம் பிடிப்பா. ஒரு நாள் கூட்டத்துல ஒருத்தன் கடைப் பிள்ளை ஒருத்தியை தொந்தரவு பண்ணினப்ப அந்த நர்ஸ் அக்கா எழும்பி நின்னு போட்ட சத்தத்துல பெட்டியே அமைதியாயிருச்சு, அடுத்த ஸ்டேசன்ல அவன் தானா எறங்கிட்டான். எனக்கு சிங்களம் ஒழுங்கா வந்ததே அந்த அக்காகிட்டதான், அவங்களுக்கு தமிழ் வந்தது எங்ககிட்ட. அவங்க வார்டுல தோட்டத்து அம்மாமார் வந்தா இப்ப தமிழ்லயே எங்க நோவுதுன்னு கேக்கிறாங்களாம்.

இப்ப குறைக்கு வர்றேன். லேட். இதை மறைக்க ஏலாது. நல்ல நாள்ல சொன்ன நேரத்துக்கு போயிரும், கிழமையில ரெண்டு நாள் பத்து பதினைஞ்சு நிமிஷம் பிந்தும், மாசத்துல ஒரு நாள் எல்லாமே குழம்பும். காரணம் தெரிஞ்சா கோவம் கொஞ்சம் குறையும், அதனால சொல்றேன். கொழும்புப் பாதையில இருக்கிற றம்புக்கனைக்கு இந்தப் பக்கம் இது ஒத்தைப் பாதை. எதிர்ல ஒரு கோச்சி வந்தா ஒண்ணு ஸ்டேசன்ல ஒதுங்கி நின்னு மத்ததுக்கு வழி விடணும், தூரத்துல இருந்து வர்றது பிந்தினா அதுக்காக காத்திருக்கிற நம்மளும் பிந்துவோம், மேல வட்டவளையில மூடுபனின்னா கீழ கம்பளையில நிக்கிறவனுக்கு லேட். சென்னையில போக ஒண்ணு வர ஒண்ணுன்னு தனித்தனி பாதை, அதனால அவளுக்கு இந்த தலையிடி இல்ல. என் வேலை இடத்துல விரல் வைக்கிற மெசின் எட்டரை தாண்டினா சிவப்பா காட்டும், மூணு சிவப்பு சேர்ந்தா அரை நாள் லீவு வெட்டுவாங்க, போன வருஷம் மழைக்காலத்துல மட்டும் எனக்கு நாலு அரை நாள் போச்சு. ஒரு நிமிஷமும் நான் சும்மா நிக்கல, வெள்ளன எழும்பி சமைச்சு புள்ளையை வெளிக்கிடுத்தி ஸ்டேசனுக்கு ஓடி வந்தவ, அந்த சிவப்பைப் பாக்கும்போது வயிறு எரியும். அதனாலதான் முதல்லயே சொன்னேன், சேரும்போதே பேசி வைங்கன்னு. இப்ப எங்க இடத்துல புது மனேஜர் வந்தப்புறம் காலையில பிந்தினதை பின்னேரம் நின்னு செய்ய விடுறார், அதுவே பெரிய உதவி. மண்சரிவு வந்து பாதையை மூடினா வேற வழியே இல்ல, பஸ்தான், மே ஜூன்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் கையில பஸ் காசு எப்பவும் வச்சிருங்க.

ரெண்டாவது குறைதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. ஸ்டேசன் பேர்ப்பலகையில பாருங்க, மூணு மொழியும் அழகா எழுதியிருக்கும். ஆனா ஒலிபெருக்கியில தமிழ் எல்லா நேரமும் வர்றதில்ல. ஒரு ஸ்டேசன்ல, பேர் வேணாம், பிளாட்பாரம் மாத்தினதை சிங்களத்துல மட்டும் ரெண்டு தடவை சொன்னாங்க, நான் படி ஏறி அந்தப் பக்கம் போனப்ப கவனிச்சேன், பழைய பிளாட்பாரத்துல ஒரு வயசான அம்மா மட்டும் தனியா பென்ச்ல உக்காந்திருக்காங்க, மடியில கிளினிக் கொப்பி, அதுக்கு மேல பாரசிட்டமோல் கார்ட் ரெண்டு ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கு. இங்கிருந்து கத்தினேன், கேக்கல. கோச்சி வந்து அவங்களை மறைச்சிருச்சு. நான் ஏறல, எறங்கி அந்தப் பக்கம் ஓடினேன், நான் போறதுக்குள்ள கோச்சி கிளம்பிருச்சு. அந்த அம்மா, எங்க கோச்சி இன்னும் வரலியே மகள்னு என்கிட்ட கேட்டாங்க. பொகவந்தலாவை பக்கத்துல இருந்து ராத்திரியே கிளம்பி வந்தவங்க, கிளினிக் நம்பர் பதினொரு மணியோட முடியும். நாங்க ரெண்டு பேரும் ஒரு த்ரீவீல் பிடிச்சு போனோம், நம்பர் கிடைச்சிச்சு. ஆனா எல்லா நாளும் அப்படி பக்கத்துல ஒருத்தர் இருக்க மாட்டாங்க. மூணு வரி தமிழ்ல சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? இந்தப் பாதையில போறவங்கள்ல எத்தனை பேர் தமிழ் ஆக்கள்னு எந்தப் பெட்டியில ஏறி நின்னாலும் காதுல விழும். இதை வாசிக்கிறவங்க யாராவது அந்த இடத்துல வேலை செய்றீங்கன்னா தயவுசெஞ்சு செய்ங்க.

லீவுல அம்மா வீட்டுக்கு மேல போற பயணம் வேற மாதிரி. நாவலப்பிட்டியை விட்டவுடனே எஞ்சின் சத்தமே மாறிரும், இழுத்து இழுத்து போகும், கலபொட, வட்டவளை, ரொசல்ல, ஹட்டன். வட்டவளை இலங்கையிலயே அதிகம் மழை பெய்ற இடங்கள்ல ஒண்ணு, அங்க ஜன்னலை மூடாம போனவங்களை நான் பாத்ததில்ல. இந்தப் பாதை 44 அடி ஓடினா 1 அடி ஏறுற மாதிரி போட்டிருக்காங்க, அதுக்கு மேல சரிவு போகக் கூடாதுன்னுதான் மலையைச் சுத்திச் சுத்தி வளைவா போகுது, சில வளைவுல கடைசிப் பெட்டியில இருந்து கைநீட்டினா எஞ்சினைத் தொடலாம் போல இருக்கும். அண்ணன் குடும்பம் கூடலூர்ல இருந்தவங்க, ஊட்டி ரயில் தெரியும், அது மீட்டர் பாதை, குன்னூருக்கு ஏற நடுவுல பல்சக்கரம் பிடிச்சு ஏறும். எங்களது முழு அகலப் பாதை, ஐந்தரை அடி, பல்சக்கரம் ஒண்ணும் இல்லாம அப்படியே பட்டிப்பொல வரைக்கும் 1,891 மீட்டர் ஏறிப் போகுது. இதை அண்ணனுக்கு சொன்னப்ப நம்பவே இல்ல.

ஹட்டன் தாண்டினா சிங்கமலை சுரங்கம். அரை கிலோமீட்டருக்கு மேல, நடுவுல வளைஞ்சிருக்கு, அதனால ஒரு வாசல்ல நின்னா மத்த வாசல் வெளிச்சம் தெரியாது. உள்ள போனவுடனே முழுப் பெட்டியும் ஹூன்னு கத்தும், சின்னதுகள் மட்டும் இல்ல, நரைச்ச மீசைக்காரங்களும் கத்துவாங்க, நானும் கத்துவேன். வெளிய வந்தா கொட்டகலை, அங்க இருந்து தேயிலை ஜன்னல் வரைக்கும் வந்துரும், மலையில கொழுந்து எடுக்கிற அம்மாமார் நிமிந்து பாப்பாங்க, பிள்ளைகள் கை காட்டும். தலவாக்கலையில மேல் கொத்மலை அணைக்கட்டுத் தண்ணி டவுனை ஒட்டி நிக்குது, சென்கிளேயர் அருவிக்கு அந்த திட்டத்துக்கு முந்தி வந்த தண்ணி இப்ப வர்றதில்லன்னு அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க. கதவோரத்துல நிக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, சின்ன ஸ்டேசன்ல நிக்காம போகும்போது பிளாட்பாரத்துல ஒருத்தர் பெரிய வளையம் ஒண்ணை தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிப்பார், எஞ்சின்ல இருக்கிறவர் கையை வெளிய நீட்டி வளையத்துக்குள்ள விட்டு அதை வாங்கிக்குவார், தன்கிட்ட இருக்கிற வளையத்தை குடுத்துருவார். அந்த வளையத்துல ஒரு தோல் பை, பைக்குள்ள டெப்லட்னு ஒரு வட்டு. அந்த வட்டு கையில இருக்கிற கோச்சி மட்டும்தான் அடுத்த ஸ்டேசன் வரைக்கும் போகலாம், ஒரு துண்டுக்கு ஒரே நேரத்துல ஒரு வட்டுதான் வெளிய வரும், அதனாலதான் ஒத்தைப் பாதையில எதிரெதிர்ல மோதாம இவ்வளவு காலம் ஓடுது. மழையில நனைஞ்சிக்கிட்டு அந்த வளையத்தை உயர்த்திப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவர் கையைப் பாத்தா எனக்கு மனசு நிறையும்.

மேல் பாதையில இப்ப கூட்டம் வெளிநாட்டு ஆக்கள். வரட்டும், ஊருக்கு நல்லது, எல்லன்ற ஊர்ல எத்தனையோ வீட்டுல அதால அடுப்பு எரியுது. ஆனா கதவுல தொங்கி படம் எடுக்கிறதை மட்டும் விடுங்க, சுரங்கம் ஓரம் எவ்வளவு நெருக்கம்னு உங்களுக்குத் தெரியாது, விழுந்து செத்தவங்க இருக்காங்க. டிசம்பர் போயாவுல, அதான் பௌர்ணமி நாள்ல, இருந்து வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாத மலை ஏறுற சீசன், அப்ப ஹட்டன் வரைக்கும் நிக்கவும் இடம் இருக்காது, குழந்தையோட போறவங்க அந்த மாசங்கள்ல போயா நாளைத் தவிர்த்துக்கிங்க. வடே வடேன்னு கத்திக்கிட்டு வர்றவர்கிட்ட வாங்கிச் சாப்பிடுங்க, சூடா இருக்கிறப்பவே வாங்குங்க, கூட ரெண்டு காஞ்ச மிளகாயும் தருவார்.

ஒரு விசயம் சொல்லாம இந்தப் பாதையைப் பத்தி எழுத எனக்கு ஏலாது. எங்க அப்பாயி இதை கோச்சின்னு சொன்னா கூட ஒரு வார்த்தை சேர்த்துத்தான் சொல்லுவாங்க, ஒப்பாரிக் கோச்சின்னு. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு 300,000 பேர் இங்கன்னு எங்க தோட்டத்து ஆக்களை எண்ணிப் பிரிச்சாங்க. ஒரே வீட்டுல அண்ணனுக்கு அந்த நாடு தம்பிக்கு இந்த நாடுன்னு வந்திச்சு. எங்க வீட்டுலயும் அப்படித்தான், பெரியப்பாவுக்கு இந்தியா பாஸ்போர்ட், எங்க அப்பாவுக்கு இங்க. 1975ல பெரியப்பா குடும்பம் வட்டகொடையில ஏறினாங்க, இதே தண்டவாளத்துல கீழ எறங்கி தலைமன்னார் போய், ராமானுஜம் கப்பல்ல ராமேஸ்வரம். பிளாட்பாரத்துல நின்ன ஆக்களும் பெட்டிக்குள்ள இருந்த ஆக்களும் ஒப்பாரி வச்சு அழுத சத்தத்துல எஞ்சின் ஊதினதே கேக்கலியாம். அப்பாயி பெரியப்பா கையை ஜன்னல் வழியா பிடிச்சிக்கிட்டு பிளாட்பாரம் முடியிற வரைக்கும் ஓடினாங்களாம், அதுக்கப்புறம் அவங்க மூத்த மகனைப் பாக்கவே இல்ல. அண்ணனுக்கு அப்ப அஞ்சு வயசு. அவருக்கு ஞாபகம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, யாரோ மடியில ஒரு பொட்டணம் அவல் வச்சிருந்தாங்க, அது கொட்டிருச்சு.

அந்த அண்ணனோட மகள்தான் இப்ப சென்னையில தூண் மேல போறா. நான் மலை மேல போறேன். ரெண்டு பேரும் காலையில ஒரே நேரம் கிளம்புறோம், எனக்கு இடம் கிடைச்சிச்சா அவளுக்கு இடம் கிடைச்சிச்சான்னு மெசேஜ் போட்டுக்குவோம், இது ஒரு வருஷமா நடக்குது. கோச்சி லேட்டான நாள்ல அவதான் முதல்ல கேக்கிறவ, அத்தை இன்னைக்கும் சிவப்பான்னு.

அதனால பிள்ளைகளே, போர்டிங் எடுக்காதீங்கன்னு நான் சொல்றது காசுக்கு மட்டும் இல்ல, ஆனா காசுக்கும்தான். வீட்டுச் சோறு, ராத்திரி அம்மா அப்பா முகம், போற வழியில ஒரு மணி நேரம் படிக்கவோ தூங்கவோ நேரம், இதெல்லாம் கிடைக்குது. நான் கணக்கியல் டிப்ளோமா படிச்சது முழுக்க கெலிஓயாவுக்கும் கண்டிக்கும் நடுவுல நின்னுக்கிட்டுத்தான். இருதயம், மூச்சு பிரச்சினை இருக்கிறவங்க, கைக்குழந்தைக்காரங்க காலையில ஆபீஸ் கோச்சியை விட்டுட்டு அதுக்கு அடுத்ததுல போங்க. நேரம் அடிக்கடி மாறுது, ஃபோன்ல பாத்ததை நம்பாம ஸ்டேசன்ல போர்டைப் பாருங்க, இல்லாட்டி கவுண்டர்ல கேளுங்க. அஞ்சுக்கு மார்க் போடச் சொன்னீங்கன்னா நாலு, அந்த ஒண்ணு எல்லா அறிவிப்பும் தமிழ்லயும் வர்ற அன்னைக்கு சேர்த்துப் போடுறேன்.

அடுத்த மாசம் அண்ணனும் மகளும் வர்றாங்க, அம்பது வருஷத்துக்கப்புறம் அண்ணன் முதல் தடவை. வேன் பிடிச்சு கூட்டிட்டுப் போகவான்னு கேட்டேன், வேணாம் அந்த ரயில்லயே போவோம்னு சொல்லிட்டார். நாவலப்பிட்டியில இருந்து வட்டகொடைக்கு மூணாம் வகுப்பு, மூணு அட்டை டிக்கெட், ஜன்னல் ஓரம் கிடைக்கணும்னா நான் வெள்ளனயே போய் லேஞ்சி போடணும். மருமகள் கேட்டிருக்கிறது ஒண்ணுதான், சுரங்கத்துல ஹூன்னு கத்துறதுக்கு அவளை முன்கூட்டியே எழுப்பி விடணுமாம்.